வாசகர் கேள்வி பதில்: கசக்கும் துர்முஸும் நம்ம கொள்ளும்

துபாயிலிருந்து வந்த மகன் ‘துர்முஸ்’ என்று தட்டையான கொட்டை ஒரு கிலோ கொண்டுவந்தான். மொச்சை போல ராத்திரி ஊறவைத்துக் குக்கரில் எட்டு விசில் விட்டேன். வாயில் வைக்க முடியாத கசப்பு. கெட்டுப்போன சரக்கா?
— வாசகி, பாலக்கோடு

சரக்கில் குறையில்லை. துர்முஸ் என்பது லூபின் பயறு. கசப்புக்குக் காரணம் அதிலுள்ள லுபானின், ஸ்பார்ட்டீன் போன்ற ஆல்கலாய்டுகள், அதாவது செடியே உண்டாக்கும் கசப்பு நச்சுகள். இவை சூட்டில் அழியாது, தண்ணீரில் கரைந்துதான் வெளியேறும். அதனால் விசிலைக் கூட்டிப் பயனில்லை. தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். இப்போது வேகவைத்ததைத் தூக்கிப் போட வேண்டாம், கீழே சொல்லும் மூன்றாம் கட்டத்திலிருந்து தொடருங்கள்.

புதிதாகச் செய்யும்போது முதலில் கல், சொத்தை பொறுக்கிக் கழுவி, நாலு பங்கு தண்ணீரில் ஒரு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். கொட்டை நன்றாக உப்பிவிடும், பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். இரண்டாவதாக, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். இதைத் தவிர்க்கக் கூடாது. விதை உயிரோடு இருக்கும்வரை கசப்பைத் தன்னுள்ளேயே பிடித்து வைத்திருக்கும். வெந்த பிறகுதான் விடும். மூன்றாவது, வடித்து ஆறவைத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்ற வேண்டும். நாலு நாள் முதல் ஆறு நாள், சில சரக்குக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். நம்ம ஊர் வெயிலில் வெளியே வைத்தால் புளித்துவிடும், ஃபிரிட்ஜில் வையுங்கள். தண்ணீர் கொழகொழத்தாலோ நாற்றம் வந்தாலோ மொத்தமும் குப்பைக்குத்தான்.

நாள் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்துத் துப்புங்கள். கசப்பு துளியும் இல்லாதபோதுதான் உப்புத் தண்ணீருக்கு மாற்ற வேண்டும். தோலைப் பிதுக்கி எடுத்துவிட்டுக் கடுகு, மிளகாய், தேங்காய் போட்டுத் தாளித்தால் சுண்டல் நன்றாக இருக்கும். குழம்பில் போட்டால் ஏமாற்றம்தான்: மாவுச்சத்து அநேகமாக இல்லாததால் மசியவும் மசியாது, குழம்பு கெட்டியாகவும் ஆகாது.

கசப்போடு ‘மருந்து’ என்று விழுங்குகிறவர்களும் உண்டு. அது விபரீதம். வாய் உலரும், கண் மங்கும், தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். அப்படி ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன சாப்பிட்டீர்கள் என்பதை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

லூபின் மாவில் புரோட்டீன் அதிகமாமே? சப்பாத்தி, களியில் சேர்க்கலாமா? பேத்திக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது.
— வாசகர், காரிமங்கலம்

பேத்திக்குக் கொடுக்கவே கூடாது. வேர்க்கடலை அலர்ஜி உள்ளவர்களில் சிலருக்கு லூபினும் அதே வினையைக் காட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் இதை, பாக்கெட்டில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய அலர்ஜிப் பொருள்களில் சேர்த்தது. வெளிநாட்டு பிஸ்கட், பாஸ்தா வாங்கும்போதும் பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள்.

மற்றவர்களுக்குச் சத்தானதுதான். 100 கிராம் லூபினில் சுமார் 35 கிராம் புரோட்டீன். கொள்ளில் சுமார் 22. நார்ச்சத்தும் ஏராளம். கோதுமை மாவில் ஐந்தில் ஒரு பங்குவரை கலக்கலாம்; அதற்கு மேல் போனால் சப்பாத்தி விண்டுபோகும். கேழ்வரகுக் களிக்கும் அதே அளவு போதும், மிஞ்சினால் களி பிடிக்காது. ஆனால் மாவு ‘இனிப்பு லூபின்’ எனப்படும், கசப்பு மிகக் குறைந்த ரகத்தில் அரைத்ததாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் உணவுக்கான லூபினில் ஆல்கலாய்டு கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. துர்முஸ் வாங்கி நம்மூர் மில்லில் அரைத்து வைத்தால், கசப்பு முழுதும் மாவுக்குள் தங்கிவிடும். அந்த வேலை வேண்டாம்.

தளி பக்கம் குளுமையான ஊர். மூன்று ஏக்கர் மானாவாரி செம்மண். லூபின் போட்டுப் பார்க்கலாமா?
— விவசாயி, தளி

வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. உலகிலேயே அதிகம் விளைவது மேற்கு ஆஸ்திரேலியாவில். அங்கே ஏப்ரல், மே மாதங்களில் குளிர்காலத்தை ஒட்டி விதைத்து அக்டோபர், நவம்பரில் அறுக்கிறார்கள். அவ்வளவு நீண்ட குளிர்ச்சி தளியிலும் கிடைக்காது. வெயில் ஏறினால் பூ கொட்டிவிடும். மண் மணற்பாங்காக, சற்று அமிலத்தன்மையோடு இருக்க வேண்டும். சுண்ணாம்பு ஓடும் நிலத்தில் இலை மஞ்சளாகிச் செடி தேங்கும், தண்ணீர் நின்றால் வேர் அழுகும். கடைப் பாக்கெட்டை விதையாகப் போடுவது இன்னும் தப்பு. வெளிநாட்டு விதைக்கு, அதோடு நோயும் பூச்சியும் வராமல் தடுக்கும் தாவரத் தனிமைக்காப்பு (குவாரண்டைன்) அனுமதி வேண்டும்.

தழைச்சத்தை நிலைநிறுத்தி, ஏழை மண்ணிலும் வளர்வதுதான் லூபினின் பெருமை. அந்த வேலையை இங்கே கொள்ளு செய்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பையூர் 2 ரகம் நூறு நாளைச் சற்றுத் தாண்டி அறுவடைக்கு வரும். ஏக்கருக்கு 8 கிலோ விதை, வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. புரட்டாசி, ஐப்பசி மழையில் விதையுங்கள். ஈரம் இருக்கிறதே என்று ஆடியில் போட்டால் கொடி ஓடும், காய் இருக்காது. பகல் குறுகும்போது பூக்கிற பயிர் இது. விதைக்கு ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தை ஆறின கஞ்சியில் குழைத்துப் பூசி நிழலில் உலர்த்துங்கள். பூக்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து மறுமுறை 2 சதவீத டிஏபி உரக் கரைசல் தெளிக்கலாம். ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை முந்தின நாளே 10 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, தெளிவை மட்டும் வடித்து, 190 லிட்டரில் கலக்க வேண்டும். அடிவண்டலோடு ஊற்றினால் நாசில் அடைக்கும்.

லூபின் ஊறவைத்த தண்ணீரை மாட்டுக்கு வைக்கலாமா?
— வாசகி, ஊத்தங்கரை

கூடாது. அந்தக் கசப்பு மாட்டுக்கும் விஷம்தான். தொட்டியில் ஊற்றாமல், கோழியும் ஆடும் வாய் வைக்காத இடமாகப் பார்த்துக் கொட்டுங்கள்.

மூட்டையில் வைத்த கொள்ளு இரண்டே மாதத்தில் ஓட்டை ஓட்டையாகிறது. நன்றாகத்தான் காயவைத்தோம்.
— வாசகர், பென்னாகரம்

வண்டு காட்டிலேயே காயின்மேல் முட்டை வைத்துவிடுகிறது. வீட்டுக்கு வரும்போதே புழு விதைக்குள் இருக்கும். எனவே, அடித்துத் தூற்றியதும் காயவைத்து மூட்டை கட்டுவதோடு நிற்காமல், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை வெயிலில் போட்டுப் புடைத்துவிடுங்கள். பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும், பல் பதிந்தால் ஈரம் இருக்கிறது. வெயில் சூட்டோடு கட்டாமல் ஆறவிட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும். விதைக்கு வைப்பதற்குக் கிலோவுக்கு 10 மி.லி. வேப்பெண்ணெய் புரட்டி வைக்கலாம். சமையலுக்கு உள்ளதை, காற்றுப் புகாத டின்னில் விளிம்புவரை நிரப்பி மூடி வையுங்கள். பழைய சாக்கைக் கொதிநீரில் அலசிக் காயவைக்காமல் திரும்ப எடுக்காதீர்கள். போன வருஷத்து வண்டு அதன் தையலுக்குள் இருக்கும்.