வன்தட்டு மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறிய அருங்காட்சியகம் ஒன்றின் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடம் உள்ள பழைய புகைப்படங்களை, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இணையப் படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாமா என்று விக்கிப்பீடியா தன்னார்வலர்கள் சிலர் கேட்டு வந்தார்கள். எனக்கு விருப்பம்தான். ஆனால் மேலதிகாரி கேட்கிறார்: சும்மா கொடுத்துவிட்டால் நமக்கு என்ன மிஞ்சும்? யாராவது எடுத்துக் காசு பார்த்தால்? யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இடத்தில் நம் பெயர் எதற்கு? எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் விக்கியில் எழுதுபவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மேலதிகாரி மீது கோபப்படாதீர்கள். பொருளைக் காப்பதற்கென்றே நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவர் அப்படித்தான் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

திருட்டுப் பயத்திலிருந்து தொடங்குகிறேன். ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தில், பணிப்பெண் ஒருத்தி பால் ஊற்றுவதாக டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த ஓவியம் இருக்கிறது. அதன் மஞ்சள் பூத்த மட்டமான படிகள் இணையம் முழுக்கப் பரவிவிட்டன. அருங்காட்சியகக் கடையில் விற்ற அஞ்சலட்டையைப் பார்த்தவர்கள், அதன் நிறம்தான் அசல் நிறம் என்பதை நம்பவில்லை. நல்ல படத்தைப் பூட்டி வைத்ததால் எந்தத் திருட்டும் நிற்கவில்லை. கெட்ட படம்தான் ஊர் சுற்றியது. நல்ல படத்தைத் தாங்களே திறந்துவிடுவதுதான் வழி என்று கடைசியில் அவர்கள் முடிவெடுத்தார்கள்.

ஒன்றை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். 'வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற நிபந்தனையோடு வரும் படத்தைப் பொதுவகம் ஏற்காது. நாட்காட்டி அச்சிடுபவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று சம்மதித்தால்தான் உண்டு. ஒப்பந்தம் போட்ட பிறகு இது தெரியவந்தால் மனக்கசப்புதான் மிஞ்சும். அதே போல, குடும்பத்தார் உங்களிடம் ஆல்பத்தைக் கொடுத்தார்கள் என்பதாலேயே அதன் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. படம் எடுத்தவர் யார், உரிமை இப்போது யாரிடம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சலிப்பூட்டும் வேலை, ஆனால் தவிர்க்க முடியாது.

அப்புறம், என்ன மிஞ்சும் என்கிற கேள்வி. 2008 டிசம்பரில் ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் 80,000க்கும் மேற்பட்ட படங்களைப் பொதுவகத்துக்குக் கொடுத்தது. சுமார் 800 பிக்சல் அளவுப் படங்கள்தான். பெரிய படிகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அந்தப் படங்களில் எதையாவது திறந்து பாருங்கள். மூலக் குறிப்பை அப்படியே தந்துவிட்டு, அது பிழையாகவோ ஒருசார்பாகவோ இருக்கலாம் என்ற எச்சரிக்கையையும் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். போர்க்காலப் பிரசாரத்துக்காக எழுதப்பட்ட குறிப்புகளும் அவற்றில் உண்டல்லவா! பிழை கண்டால் தெரிவிப்பதற்கென்று தனிப் பக்கமும் திறக்கப்பட்டது. பார்த்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஊரை, ஆளை, வண்டியைச் சுட்டிக்காட்டத் தொடங்கினார்கள். சரிபார்த்துத் தன் பட்டியலைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு காப்பகத்துக்குக் கிடைத்தது. இதைத்தான் நான் மிச்சம் என்பேன். உங்கள் அலமாரியில் 'குழுப்படம், இடம் தெரியவில்லை' என்று எழுதிய அட்டைகள் எத்தனை இருக்கும்? அந்த இடத்தைத் தெரிந்தவர் எங்கோ இருக்கிறார். அவர் உங்கள் அலமாரியைத் திறக்கப் போவதில்லை.

ஆனால் படங்களை நிரப்பிய வன்தட்டை நீட்டிவிட்டுக் கைகழுவினால் இது எதுவும் நடக்காது. பெயருக்குப் பதில் வெறும் எண், விவரத்தில் ஒரே சொல் என்று ஏற்றப்பட்ட படங்களைப் பொதுவகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டுரை எழுதுபவனால் அவற்றைத் தேடவும் முடியாது, நம்பிச் சேர்க்கவும் முடியாது. அதனால் வன்தட்டோடு ஓர் ஆளையும் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. வாரத்தில் ஒரு பிற்பகல் போதும்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இதை வேறு திசையிலிருந்து செய்தது. 2010இல் லியாம் வயட் என்ற விக்கிப்பீடியரை ஐந்து வாரம் தன் கூரையின் கீழ் உட்கார வைத்தது. அப்போது ஹாக்ஸன் புதையலைப் பற்றிய கட்டுரையை விக்கிப்பீடியர்களும் அங்குள்ள வல்லுநர்களும் சேர்ந்து எழுதினார்கள். 1992இல் எரிக் லாஸ் என்பவர், நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடப் போய் ஏறத்தாழ 15,000 ரோமானிய நாணயங்களைக் கண்டெடுத்த புதையல் அது. அந்தச் சுத்தியலும் இப்போது அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. எழுதுபவர் சந்தேகம் கேட்க, அந்த நாணயங்களைக் கையில் எடுத்து ஆராய்ந்தவரே எந்த நூலில் பார்க்கலாம் என்று சொல்கிறார். தரத்தில் தேர்ந்தவற்றுக்கு விக்கிப்பீடியா தரும் சிறப்புக் கட்டுரைத் தகுதியை அது பெற்றது. எழுதுகிறவனாகச் சொல்கிறேன், எங்களுக்குப் படத்தைவிட, ஆதாரமாகக் காட்டும் மேற்கோளுக்குத்தான் பஞ்சம். நீங்கள் எப்போதோ அச்சிட்டு, இப்போது எங்குமே கிடைக்காத கண்காட்சிக் கையேடு ஒன்று எங்களுக்கு நூறு படங்களுக்குச் சமம்.

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பொதுவகத்தில் யார் எதை மாற்றினாலும் பழைய வடிவம் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும், பழையபடி மீட்கலாம். உங்கள் பட்டியல் உங்களிடமே இருக்கிறது. படத்தோடு, உங்கள் பதிவேட்டில் அதற்குள்ள சேர்க்கை எண்ணைக் கொடுத்துவிட்டால் சந்தேகப்படுபவர் அதைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் வந்துவிடுவார். உங்கள் அருங்காட்சியகத்தைப் பற்றிய கட்டுரையை மட்டும் நீங்களே எழுதாதீர்கள். அங்கே வேலை செய்பவர் என்று பயனர் பக்கத்தில் குறிப்பிட்டுவிட்டு, திருத்தம் இருந்தால் கட்டுரையோடு இணைந்த உரையாடல் இடமான பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? உரிமைச் சிக்கல் இல்லாத 50 படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வருடும்போது (ஸ்கேன் செய்யும்போது) புகைப்படத்தின் பின்புறத்தையும் வருடுங்கள். பென்சிலில் ஒரு பெயரோ தேதியோ, ஸ்டுடியோ முத்திரையோ அங்கேதான் இருக்கும். முன்பக்கம் மட்டும் ஏற்றிய தொகுப்புகளில் இதெல்லாம் போயே போய்விட்டது. விவரம் எழுதும் நாளில் கேட்டு வந்த அந்தத் தன்னார்வலர்களையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மேலதிகாரி தயங்கினால், ஜெர்மன் காப்பகம் செய்ததுபோல் சிறிய அளவுப் படிகளையே முதலில் கொடுக்கச் சொல்லுங்கள்.

முதல் படம் ஏறியதும் இணைப்பை அனுப்புங்கள். அதைச் சேர்க்க இடமிருக்கும் கட்டுரையை நானும் தேடுகிறேன்.