இழுக்கிற குதிரைக்குத் தமிழில் என்ன சொல்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்துப் பண்ணை வாழ்க்கை பற்றிய ஒரு சிறுவர் கதையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பெரிய ஷையர் குதிரைகள் உழுகின்றன, வண்டி இழுக்கின்றன. கடிவாளம், லாடம் வரை வந்துவிட்டேன். ஹார்னஸ், காலர், ட்ரேஸ், ப்ரீச்சிங் என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். அகராதியைப் பார்த்தால் எல்லாமே சேணம்தான். என்ன செய்யலாம்? (வாசகி, தெஹிவளை)

பதில்: அகராதியைக் குறை சொல்ல முடியாது. நம்மிடம் இருப்பவை குதிரை ஏறுகிறவனின் சொற்கள். கடிவாளம், அங்கவடி, சேணம், பிடரி, குளம்பு, லாயம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம், குதிரையின் நடையைக்கூட மயூரகதி, வானரகதி என்று ஐந்து கதிகளாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் குதிரையை ஏரில் பூட்டும் வழக்கம் நம்மிடம் இல்லை. உழவும் பாரமும் மாட்டின் வேலை, அதனால் நுகம், பூட்டாங்கயிறு, ஏர்க்கால் எல்லாம் மாட்டோடு சேர்ந்த சொற்கள். பழைய தேர்க்குதிரை ஒரு விலக்கு. புரவி பூண்ட தேர் என்பார்கள், ஓட்டுகிறவன் வலவன் அல்லது பாகன். தேர் போனபிறகு அந்தச் சொற்கள் செய்யுளோடு நின்றுவிட்டன.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். காலருக்கு நுகம் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது பொருளையே கெடுத்துவிடும். மாட்டுக்குத் திமில் இருக்கிறது, மரத்தடி அதன் முன்னால் போய் உட்காரும். குதிரைக்கு அந்த மேடு கிடையாது. கழுத்தில் வெறும் பட்டையைப் போட்டு இழுக்கச் சொன்னால் பட்டை மேலேறி மூச்சுக்குழாயை அழுத்தும், எவ்வளவு பலமான குதிரையும் கொஞ்ச நேரத்தில் திணறிப்போகும். இதற்கு வழி கண்டவர்கள் சீனர்கள், பல நூற்றாண்டு கழித்துத்தான் அது ஐரோப்பாவுக்குப் போனது: உள்ளே திணித்துத் தைத்த ஒரு வளையம், கழுத்தைச் சுற்றி வந்தாலும் பாரத்தை இரண்டு தோள்களில் இறக்கிவிடும். நாம் இழுக்கிறது என்கிறோமே, உண்மையில் குதிரை தன் தோளால் அந்த வளையத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது! அதனால் நான் 'தோள்வளையம்' என்று எழுதுவேன். ட்ரேஸ் என்பது வளையத்தின் இரு பக்கத்திலிருந்தும் கலப்பைக்கோ வண்டிக்கோ போகிற வார் அல்லது சங்கிலி, அதற்கு 'இழுவார்' போதும். ப்ரீச்சிங் பின்தொடையைச் சுற்றி வருவது. இறக்கத்தில் வண்டி குதிரையின் மேல் உருண்டு வராமல் குதிரை பின்னால் சாய்ந்து தடுக்க உதவும், அதைப் 'பின்வார்' என்று சொல்லலாம். கலப்பை உருளாது என்பதால் உழுகிற குதிரைக்கு அது தேவையில்லை. ஆகவே உங்கள் கதையில் உழவுக் காட்சியில் பின்வாரை நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள், படம் வரைகிறவரிடமும் சொல்லிவையுங்கள். இவை எல்லாம் சேர்ந்த மொத்தம்தான் ஹார்னஸ், அதற்கு 'வார்க்கட்டு' என்று வைத்து, முதல் தடவை வரும்போது ஒரு வரியில் விளக்கிவிட்டால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். வினைச்சொல்லுக்குத் தேடவே வேண்டாம். பூட்டினான், அவிழ்த்தான் என்ற மாட்டு வினைகள் குதிரைக்கும் அப்படியே பொருந்தும்.

உயரம் சொல்லும் இடத்திலும் கவனம் வேண்டும். '17 ஹாண்ட்ஸ்' என்று வந்தால் 17 முழமும் அல்ல, 17 சாணும் அல்ல. ஒரு ஹாண்ட் நாலு அங்குலம், அப்படியென்றால் ஐந்தடி எட்டங்குலம், அதுவும் தலைவரை இல்லை, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடுவரைதான். நெட்டையான ஒரு ஆள் பக்கத்தில் நின்றால் அவருடைய கண்ணுக்கு நேரே குதிரையின் முதுகு இருக்கும். பிள்ளைகளுக்கு எழுதும்போது அப்படியே சொல்லிவிடுங்கள்.

உழவன் போடும் சத்தங்களை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவில் 'ஜீ' என்றால் வலம், 'ஹோ' என்றால் இடம். இங்கிலாந்தில் அது ஊருக்கு ஊர் மாறும், மூலத்தில் என்ன இருக்கிறதோ அதையே வையுங்கள். குதிரை அர்த்தத்தைக் கேட்பதில்லை, சத்தத்தைத்தான் கேட்கிறது.

கேள்வி: ஒரு குதிரைவலு என்பது ஒரு குதிரையின் முழுப் பலமா? (மாணவன், கொட்டாஞ்சேனை)

பதில்: இல்லை தம்பி. ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரம் எத்தனை குதிரைக்குச் சமம் என்று வாங்க வருகிறவர்களுக்குக் காட்டவே அந்தக் கணக்கைப் போட்டார். நிமிடத்துக்கு 33,000 அடி-இறாத்தல் வேலை, இன்றைய அலகில் சுமார் 746 வாட். அது நின்று நிதானமாகச் செய்கிற வேலையின் அளவு. சேற்றில் புதைந்த வண்டியைக் கிளப்பும் அந்தச் சில விநாடிகளில் ஒரு நல்ல குதிரை அதைப்போலப் பத்து மடங்குக்கு மேலும் கொடுக்கும். பரீட்சையில் 746 என்று எழுதுங்கள், மற்றதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாரக் குதிரைகளைக் 'குளிர் இரத்தக் குதிரை' என்கிறார்களே, அவற்றின் இரத்தம் குளிர்ந்ததா? (வாசகர், மருதானை)

பதில்: கிடையாது. எல்லாக் குதிரைக்கும் உடல் வெப்பம் 38 பாகை அளவில்தான். பந்தயக் குதிரை துள்ளும், மிரளும். பாரக் குதிரை அமைதியாக நிற்கும். அந்தக் குணத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

கேள்வி: வெள்ளைக்காரன் இத்தனை வருடம் கொழும்பில் இருந்தும் அந்தப் பெரிய குதிரைகள் ஏன் இங்கே நிலைக்கவில்லை? (வாசகர், பம்பலப்பிட்டி)

பதில்: குதிரை இங்கே நிறையவே வந்தது. முதலில் காலிமுகத் திடலில் ஓடியது, 1893 முதல் கறுவாத்தோட்டத்துப் பந்தயத் திடலில் ஓடியது. 1832 இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் வண்டி தொடங்கியபோது அதையும் குதிரைதான் இழுத்தது. ஆனால் அவையெல்லாம் ஓடுகிற குதிரைகள். பாரக் குதிரையின் எடை ஒரு தொன் வரை போகும். உடம்பு பெருக்கிற அளவுக்குத் தோலின் பரப்பு பெருகாது, அதனால் உள்ளே உண்டாகும் சூடு வெளியே போக வழி குறைவு. குளிர்நாட்டில் அது நல்லது, கொழும்பின் புழுக்கத்தில் அதை வைத்து வேலை வாங்குவது அந்தப் பிராணிக்குச் செய்கிற கொடுமை என்றுதான் நான் சொல்வேன். இதற்கு மேல் தீனி வேறு: ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது கிலோ காய்ந்த புல். மாடு அசைபோடுகிற பிராணி, வைக்கோலில் காலத்தை ஓட்டிவிடும், அதற்கு இந்த வெயிலும் பழக்கம். துறைமுகத்துச் சரக்கையும் புறக்கோட்டை மூட்டையையும் மாட்டுக்கரத்தை ஏற்றியது அதனால்தான்.

நெடுந்தீவில் இன்றும் திரிகிற குதிரைகளைப் பார்த்திருக்கிறீர்களா? சின்ன உருவம், காய்ந்த நிலம், கிடைத்த புல். கோடை வந்தால் தண்ணீருக்கு அவை படுகிற பாடு மனதைப் பிசையும்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் மாட்டுவண்டில் ஓட்டத்தைச் சவாரி என்கிறோம். அது குதிரைச் சொல் என்று ஒருவர் வாதாடுகிறார். உண்மையா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: அவர் சொன்னது சரி. பாரசீகத்தில் குதிரை ஏறிச் செல்பவனைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. லகானும் சவுக்கும்கூட அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதான். நம் ஊரில் அது மாட்டுக்குப் பின்னால் போய் ஏறிக்கொண்டது, இப்போது சவாரி என்றால் சோடி மாடும் புழுதியும்தான் நமக்கு ஞாபகம் வரும். அப்புறம், உங்கள் கைப்பையில் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் அதை ஓட்டுநர் உரிமம் என்கிறார்கள், நாம்தான் சாரதி என்று எழுதுகிறோம். குதிரை பூட்டிய தேரைச் செலுத்துகிறவனுக்கு வைத்த பெயர் அது.