மேய்ச்சல் தொழில் இன்னும் தாங்குமா? தர்மபுரி பக்கத்து நிலவரம்

கேள்வி இதுதான்: "ஊருக்கே திரும்பி வந்து 50 செம்மறி வாங்கி மேய்க்கலாம்னு இருக்கேன், மேய்ச்சல் தொழில் இனிமே நிலைக்குமா, இல்ல பரண் கொட்டகைக்கு மாறித்தான் ஆகணுமா?" (பரண் கொட்டகைன்னா தரைக்கு மேல உசத்தி தளம் போட்டு, ஆட்டை உள்ளயே வெச்சு தீனி குடுத்து வளக்குறது.)

எங்க சித்தப்பா பாலக்கோடு பக்கம் மேச்சேரிங்கிற செம்மறி இனம் வெச்சிருக்கார், அதைப் பாத்து சொல்றேன். விலைக்கு ஒரு குறையும் இல்லங்க. பக்ரீத், தீபாவளி நேரத்துல குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமை சந்தைக்கு கொண்டு போனா வண்டியில இருந்து இறக்குறதுக்குள்ள வியாபாரிங்க வந்து புடிச்சுக்குவாங்க. விக்கிறது கஷ்டமே இல்ல, மேய்க்க எடம்தான் இல்ல.

முன்னெல்லாம் ராகி அறுப்பு முடிஞ்சா கொல்லை சும்மா கெடக்கும், நெலத்துக்காரங்களே வந்து ராத்திரி ஆட்டை அடைச்சு பட்டி போடச் சொல்லி கூப்பிடுவாங்க, ராத்திரிக்கு இவ்வளவுன்னு காசோ ராகியோ குடுப்பாங்க, ஆட்டுக்கு தீனி ஆச்சு, நெலத்துக்கு புழுக்கையும் மூத்திரமும் ஆச்சு, யூரியா மூட்டை செலவும் மிச்சம். இப்ப போர் போட்டு சொட்டுநீர்ல வருஷம் முழுக்க தக்காளி, பூவுன்னு ஓடுது, தரிசா கெடந்ததுல பிளாட் கல்லு நட்டாச்சு, மாந்தோப்புக்கெல்லாம் முள்கம்பி. ஓசூர், சூளகிரி பக்கம் கேக்கவே வேணாம்.

தக்காளி விலை ஒரேடியா விழுந்தா பறிகூலி கூட கட்டாதுன்னு ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் அப்படியே ஆட்டை விட்டுக்கோன்னு சொல்லிடுவாங்க. சித்தப்பா உடனே எறங்க மாட்டார். வரப்புலயே ஆட்டை மறிச்சு நிப்பாட்டிட்டு "என்னாண்ணா, மருந்து அடிச்சு எத்தினி நாளாச்சு?"ன்னு கேப்பார், நெலத்துக்காரர் பதில் சொல்ல கொஞ்சம் இழுத்தா போதும், சித்தப்பா ஒரு இலையைக் கசக்கி மோந்து பாத்துட்டு மொத்த ஆட்டையும் திருப்பிடுவார். இலவச தீனின்னு வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு இதெல்லாம் தெரியாது.

மாட்டுக்காரங்க கதை வேற. பென்னாகரம், ஒகேனக்கல் பக்கம் ஆலம்பாடிங்கிற உழவு மாட்டு இனத்தை காட்டுக்குள்ளயே பட்டி போட்டு வெச்சிருந்தாங்க. டிராக்டர் வந்ததும் உழவு மாட்டுக்கு மவுசு போச்சு, 2014ல காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் வந்துச்சு, 2022ல காட்டுல மாடு மேய்க்கக் கூடாதுன்னு சென்னை ஐகோர்ட் சொல்லி, அப்புறம் அதே மாசம் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்துக்கு மட்டும்னு மாத்துனாங்க. ஃபாரஸ்ட்காரங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, வீட்டு மாட்டோட கோமாரி காட்டு மிருகத்துக்கும் ஒட்டும். ஆனா 2006 வன உரிமைச் சட்டத்துல மேய்ச்சலும் ஒரு உரிமைன்னு எழுதியிருக்கே! பழங்குடி இல்லாதவங்க அதை கேக்கணும்னா 75 வருஷமா, அதாவது மூணு தலைமுறையா அங்க இருந்ததுக்கு ஆதாரம் காட்டணும். மாட்டுக்கு பின்னாடியே நடந்த தாத்தா எந்த பேப்பரை எடுத்து வெச்சிருப்பார் சொல்லுங்க. 2026ஐ மேய்ச்சல் நிலங்கள், மேய்ப்பர்கள் ஆண்டுன்னு ஐ.நா. அறிவிச்சிருக்கு, எங்க ஊர் பட்டிக்கு அந்த சேதி வந்து சேரல.

கால்நடையாலதான் சூடு ஏறுதுன்னு சொல்றாங்களே, உலக உணவு விவசாய அமைப்பு 2013ல சொன்னது, மனுஷங்களால வர்ற சூடேத்துற வாயுவுல 14.5 சதவீதம் கால்நடையாலன்னு, அது தீவனம் வெளைவிக்கிறது, அதுக்கு போடுற உரம் எல்லாம் சேர்த்த கணக்கு. மேயுற ஆடும் மீத்தேன்ங்கிற அந்த மாதிரி வாயுவை விடும், இல்லன்னு சொல்லல. ஆனா அது திங்குறது மனுஷன் திங்காத அருகும் வேலங்காயும்தான், அதுக்குன்னு யாரும் தனியா மக்காச்சோளம் போடல.

பரண் கொட்டகை பத்தி யூட்யூப்ல லட்சக்கணக்குல லாபம்னு போடுறதை நம்பி எறங்காதீங்க. கொட்டகை செலவு, அடர்தீவனம், பசுந்தீவனத்துக்கு தண்ணி எல்லாம் போட்டா கணக்கு மாறிடும், அதோட மேச்சேரி நடந்து மேய்ஞ்சு பழகுன ஆடு.

என்னைக் கேட்டா, வாங்குறதுக்கு முன்னாடி சித்திரையில ஒரு நாள் காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் உங்க ஊரைச் சுத்தி நடந்து பாருங்க, எந்த ஏரியில தண்ணி நிக்குது, எந்த பொறம்போக்குக்கு இன்னும் வழி இருக்கு, யார் கொல்லையில உள்ள விடுவாங்கன்னு. துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி தடுப்பூசிக்கு கால்நடை மருந்தகம் எவ்வளவு தூரம்னும் பாத்துக்கோங்க. அம்பதுக்கு தீனி பத்தாதுன்னு தோணுச்சுன்னா பதினஞ்சோட ஆரம்பிங்க.