பையனை யாரிடம் காட்டுவது?

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு எட்டு வயது. ஒன்றரை வருடமாக வீட்டில் தினமும் ரகளை. டிவியை அணைத்தால் கையில் கிடைத்ததை வீசுகிறான், தங்கையை அடிக்கிறான், தடுத்தால் என்னையே கடிக்க வருகிறான். பள்ளியிலிருந்து வாரம் ஒரு புகார். கணவர், "நானும் சின்ன வயசில் இப்படித்தான், வளர்ந்தால் சரியாகிவிடும்" என்கிறார். பெரியவர்கள் நாலு அடி போடச் சொல்கிறார்கள். எனக்கு யாரிடமாவது காட்ட வேண்டும் என்று தோன்றுகிறது. சைக்கியாட்ரிஸ்டா, சைக்காலஜிஸ்டா, கவுன்சலரா? மாத்திரை கொடுத்துவிடுவார்களோ, முத்திரை குத்திவிடுவார்களோ என்றும் பயம்.

ச.

அன்புள்ள ச.,

நான் மருத்துவன் இல்லை. அக்கா மகனுக்காக இதே அலைச்சல் அலைந்தவன், அவ்வளவுதான்.

முதலில் வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடமே போங்கள். காது, கண், தூக்கம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அக்கா மகனை ஆறு வயதில் நாங்கள் எல்லோரும் திட்டித் தீர்த்தோம்: சொன்னால் கேட்பதில்லை, எதற்கெடுத்தாலும் கத்துகிறான். யாராவது பேசினால் அவன் வலது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பான். அதையும் திமிர் என்றே நினைத்தோம். கடைசியில் பார்த்தால் நடுக்காதில் நீர் கோத்திருந்தது, இடது காதில் பாதிதான் கேட்டது. சொன்னால் 'கேட்பதில்லை' என்று நாங்கள் சொன்னது சரிதான்! இரவில் குறட்டை விட்டுத் தூக்கம் கெடும் பிள்ளைகளும் பகலில் துறுதுறுவென்று எரிச்சலோடுதான் இருப்பார்கள். எல்லாப் பையனுக்கும் காரணம் காதில் இருக்காது. ஆனாலும் அதைப் பார்த்துவிட்டு மேலே போவது நல்லது.

அப்புறம்தான் உங்கள் கேள்வி. சைக்கியாட்ரிஸ்ட் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் சோதனைகள் செய்து, பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தருபவர். கவுன்சலர் என்ற பலகையை யாரும் மாட்டிக்கொள்ளலாம் என்கிற நிலை பல இடங்களில் இருக்கிறது. என்ன படித்தார், குழந்தைகளோடு எத்தனை வருடம் வேலை செய்கிறார் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். இந்த மூவரில் யார் என்பதைவிட, அவர் உங்களை எப்படி நடத்துகிறார் என்பதைத்தான் நான் பார்ப்பேன். பையனை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வாரம் ஒரு மணி நேரம் கழித்து "பரவாயில்லை, முன்னேற்றம் தெரிகிறது" என்று அனுப்புகிறவர் உங்களுக்குச் சரிப்பட மாட்டார். இந்த வயதில் அடம், அடிதடிக்கு அதிகம் பலன் தருவது பெற்றோருக்குத் தரும் பயிற்சிதான். வீட்டுப்பாடம் உங்களுக்கு வர வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். ஜெரால்ட் பேட்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு, வீடுகளுக்கே போய் உட்கார்ந்து இந்தச் சண்டைகளைக் கவனித்து எழுதியது. அவர் 1982இல் எழுதிய புத்தகத்தின் சாரம் இது: பிள்ளை கத்துகிறான், அம்மா விட்டுக்கொடுக்கிறார், கத்தல் நிற்கிறது. கத்தினால் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொள்கிறான், விட்டுக்கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று அம்மா கற்றுக்கொள்கிறார். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

ஒரு நோட்டு போடுங்கள். "ஏழரை மணி. டிவியை அணைத்தேன். ரிமோட்டை எறிந்தான். நான் கத்தினேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி போட்டுவிட்டேன்." இப்படி இரண்டு வாரம். அக்காவின் நோட்டில் அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு அவளே சிரித்துவிட்டாள். மருத்துவர் முன்னால் "எப்போதும் இப்படித்தான் செய்கிறான்" என்று அழுவதைவிட இந்த நோட்டு நூறு மடங்கு உதவும். ஒன்றை மட்டும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: விட்டுக்கொடுப்பதை நிறுத்தியதும் முதலில் ரகளை கூடும். பலர் அந்த வாரத்தில்தான் "இந்த டாக்டர் சரியில்லை" என்று ஓடிவிடுகிறார்கள்.

மாத்திரை பயம். அடத்துக்கென்று மாத்திரை கிடையாது. கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏடிஎச்டி இருந்தால் மருந்து பலருக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்ல 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (மனநலக் கோளாறுகளை அடையாளம் காண அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட கையேடு) நிபந்தனை வைக்கிறது: அறிகுறிகள் 12 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். ஆகவே, ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பத்து நிமிடத்தில் மருந்துச்சீட்டு நீட்டினால், வாங்கிக்கொண்டு வேறொருவரையும் பாருங்கள்.

செத்துப்போகிறேன் என்று பேசினாலோ, தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, நோட்டும் வேண்டாம், காத்திருப்புப் பட்டியலும் வேண்டாம். அன்றைக்கே அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மாறினால், அவனை யாராவது பயமுறுத்துகிறார்களா, தொடக்கூடாத விதத்தில் தொடுகிறார்களா என்று மெதுவாகக் கேட்க வேண்டும். அடி போட்டால் அந்தப் பதில் வரவே வராது.

பையனிடம் "டாக்டரிடம் சொல்லி ஊசி போடுகிறேன்" என்று ஏற்கெனவே மிரட்டியிருந்தால் அதைத் திரும்பப் பெறுங்கள். "கோபம் வந்தால் உனக்கே கஷ்டமாக இருக்கிறது இல்லையா, அதற்கு உதவுகிறவரைப் பார்க்கப் போகிறோம், நானும் அப்பாவும் வருகிறோம்" என்றால் போதும்.

ஆமாம், அப்பாவும்தான். "நானும் சின்ன வயசில் இப்படித்தான்" என்று உங்களிடம் சொன்னதை அவர் அந்த அறையிலும் சொல்லட்டும். ஏடிஎச்டி குடும்ப வழியில் வரக்கூடியது. அவர் தட்டிக்கழிக்கச் சொன்ன அந்த வார்த்தையைத்தான் மருத்துவர் முதலில் குறித்துக்கொள்வார்.