மேடையில் பொருந்தும் சின்னம் சுவரொட்டியில் ஏன் உறுத்துகிறது?

கேள்வி: எங்கள் நாடகக் குழு, 1938-ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடக்கும் கதையொன்றை மேடையேற்றவிருக்கிறது. நாஜி அதிகாரிகளாக நடிக்கும் இருவர் ஸ்வஸ்திகா பொறித்த கைப்பட்டை அணிகிறார்கள். அதே சின்னத்தை நடுவில் பெரிதாக வைத்துச் சுவரொட்டியும் தயாராகிவிட்டது. அந்தச் சின்னத்தை எங்குமே காட்டக் கூடாது என்கிறார் குழுவில் ஒருவர். நாடகமே நாஜிகளுக்கு எதிரானது, இதில் யார் மனம் புண்படப் போகிறது என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கைப்பட்டை மேடையில் இருக்கட்டும், சுவரொட்டியிலிருந்து சின்னத்தை எடுத்துவிடுங்கள்.

அரங்குக்குள் வந்து அமர்பவர், எதைப் பார்க்கப் போகிறோம் என்று அறிந்து, விரும்பியே வருகிறார். கைப்பட்டை அணிந்தவர் கதவைத் தட்டும்போது உள்ளே இருப்பவர்கள் நடுங்குவதையும் அவர் காண்பதால், அந்தச் சின்னம் எதைக் குறிக்கிறது என்பதைக் கதையே அவருக்கு உணர்த்திவிடுகிறது. சுவரைக் கடந்து நடந்து போகிறவருக்கோ கதையும் இல்லை, விருப்பமும் இல்லை. சின்னம் மட்டுமே கண்ணில் படுகிறது. ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களையும், ஐரோப்பாவின் நாடோடி மரபினரான ரோமா மக்களில் பெருந்தொகையினரையும் கொன்றொழித்த ஆட்சியின் அடையாளம் அது. அந்தக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர் அதைக் கண்டு திடுக்கிடும் கணத்தில், உங்கள் நாடகம் யாருக்கு எதிரானது என்பதை அவருக்கு விளக்க அங்கே யாரும் நிற்கப்போவதில்லை.

இது வெறும் ஊகமன்று. இரண்டாம் உலகப்போரில் நாஜிகளும் ஜப்பானும் வென்றிருந்தால் என்ற கற்பனையில் எடுக்கப்பட்ட ஓர் இணையத் தொடரின் விளம்பரமாக, 2015 நவம்பரில் நியூயார்க் சுரங்க ரயில் ஒன்றின் இருக்கைகள் நாஜிக் கழுகையும் ஜெர்மானியப் படைப் பதக்கமான இரும்புச் சிலுவையையும் ஒட்டிய வடிவங்களால் போர்த்தப்பட்டன. ஸ்வஸ்திகா அவற்றில் இல்லை. தொடரும் நாஜிகளைப் புகழ்வதன்று. ஆயினும் வேலைக்குச் செல்லும் வழியில் அந்த இருக்கையில் அமர நேர்ந்த பயணிகளிடமிருந்து எதிர்ப்பு எழுந்து, விளம்பரம் அகற்றப்பட்டது.

நோக்கம் நல்லது என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது பார்ப்பவர் நிற்கும் இடத்திலிருந்தே தெரிய வேண்டும். ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவது குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவின்கீழ் 3 ஆண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கத்தக்க குற்றம். கலை, ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அங்கே, உடைக்கப்பட்ட அல்லது கோடிட்டு அடிக்கப்பட்ட ஸ்வஸ்திகாவைக் கொண்ட நாஜி எதிர்ப்புப் பொருள்களை விற்ற ஒருவருக்குக் கீழ்நீதிமன்றம் விதித்த தண்டனையை, எதிர்ப்பு பார்த்த மாத்திரத்திலேயே தெளிவாகத் தெரிகிறது என்று கூறிக் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2007-இல் நீக்கியது. சிவப்புப் பின்னணியில் சின்னம் முழுமையாக, கம்பீரமாக நிற்கும் சுவரொட்டி இந்தச் சோதனையில் தேறாது. உங்கள் பகுதியின் சட்டத்தையும் தனியே விசாரித்துக்கொள்ளுங்கள். சட்டம் அனுமதித்துவிட்டால் மனவருத்தம் எழாது என்றும் எண்ண வேண்டாம். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகர அரங்கு 2018-இல், ஹிட்லரின் பிறந்தநாளில் தொடங்கிய நாடகத்துக்கு, ஸ்வஸ்திகா கைப்பட்டை அணிய இசையும் பார்வையாளர்களுக்கு இலவச நுழைவு அறிவித்தபோது, அதைக் கலை வெளிப்பாடாகவே அரசு வழக்கறிஞர்கள் கருதினர். கண்டனம் மட்டும் ஓயவில்லை.

ஸ்வஸ்திகா இந்து, பௌத்த, சமண மரபுகளின் மங்கலச் சின்னமாயிற்றே என்று உங்களில் யாரேனும் வாதிடக்கூடும். அந்த உரிமை உண்மையானது; ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2022-இல் நாஜிச் சின்னத்தைத் தடைசெய்தபோது இச்சமயங்களின் பயன்பாட்டுக்கு விலக்களித்தது. ஆனால் சிவப்புத் துணி, வெள்ளை வட்டம், சாய்ந்து நிற்கும் கறுப்புக் கைகள் ஆகியவை ஒன்றுசேர்ந்த பிறகு அங்கே மங்கலப் பொருளுக்கு இடமில்லை.

மேடையிலும் சில கட்டுப்பாடுகள் தேவை. காட்சி முடிந்ததும் கைப்பட்டை மேடை நிர்வாகியிடம் திரும்பிவிட வேண்டும். தேநீர் குடிக்கவோ உறவினரைப் பார்க்கவோ நடிகர்கள் அதனுடன் வெளியே வரக் கூடாது. ஒப்பனை அறையில் சிரித்துக்கொண்டு எடுக்கும் கைப்பேசிப் படங்களுக்கு அறவே இடம்கொடாதீர்கள்: படம் கைமாறும்போது நாடகம் பின்தங்கிவிடும், சீருடை அணிந்து சிரிக்கும் முகமே மிஞ்சும். 2005 ஜனவரியில் பிரிட்டிஷ் இளவரசர் ஹாரி மாறுவேட விருந்தொன்றில் இதே கைப்பட்டையுடன் நின்ற படம் நாளேட்டில் வெளியாகி, அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்ததை நினைவில் கொள்ளுங்கள். இறுதி வணக்கத்துக்கு வரும்போதும் அதைக் கழற்றிவிட்டே வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கைதட்டல் நடிகருக்கு உரியது, அந்தச் சின்னம் அதில் பங்குபெறக் கூடாது.

சின்னமே வேண்டாம் என்று சொன்ன நண்பரிடம் நோக்கத்தைப் பற்றி விவாதிக்காமல், எந்தக் காட்சி அவரை வருத்துகிறது என்று கேளுங்கள். அவர் சுட்டும் இடத்தில் சின்னம் கதைக்கு உதவாமல் வெறும் அலங்காரமாக இருக்குமானால், அங்கே மட்டும் நீக்கிவிடலாம். அழிக்கப்பட்டவர்களின் வழிவந்தவராக அவர் இருந்தால், ஒத்திகையில் அந்தக் காட்சியின்போது வெளியே இருக்க அவருக்கு உரிமை கொடுங்கள். நுழைவுச்சீட்டிலும் அரங்க வாயிலிலும், “இந்நாடகத்தில் நாஜிச் சீருடையும் சின்னமும் சில காட்சிகளில் இடம்பெறுகின்றன” என்ற ஒரு வரியை அச்சிடுங்கள். சுவரொட்டியில் அந்த வீட்டின் மூடிய கதவைப் போடலாம்.