ஈஸ்டர்டைட்டில் அலை இல்லை

கேள்வி: எங்கள் பங்கின் ஆண்டு மலருக்காக, கடற்கரை ஊர்களைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘டைட்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. எல்லா இடத்திலும் ‘அலை’ என்று போட்டால் ‘ஈஸ்டர் அலை’ என்று வந்து நிற்கிறது. எப்படித் திருத்துவது? – உவரி வாசகி ஒருவர்

பதில்: முதலில் ‘அலை’யை எடுத்துவிடுங்கள். அலையைப் பெரும்பாலும் காற்றுதான் கிளப்புகிறது. டைட் என்பது நிலாவும் சூரியனும் இழுக்க, கடல் மட்டமே ஏறி இறங்குவது. உங்கள் கரையில் மணலின் ஈரக்கோடு விடியற்காலையில் ஓரிடத்திலும் மத்தியானம் நாலு எட்டு தள்ளியும் கிடக்குமே, அதுதான். உங்கள் பக்கம் இது ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால் பெரிதாகத் தெரியாது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் சுமார் 10 மீட்டர் ஏறும். எழுத்துத் தமிழில் இதற்கு ‘ஓதம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. கட்டுரையில் கடலோடிகள் பேசும் இடமென்றால் ‘தண்ணி ஏறுது, தண்ணி வத்துது’ என்றே எழுதுங்கள், உயிரோடு இருக்கும்.

சரி, ஈஸ்டருக்கும் ஓதத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ‘காலம், வேளை’ என்றுதான் பொருள். ஜெர்மன்காரர்கள் நேரத்துக்குச் சொல்லும் ‘ட்சைட்’ இதன் உடன்பிறப்பு. ‘ஒழுங்கான’ என்ற பொருளில் வழங்கும் ‘டைடி’கூட முதலில் ‘வேளைக்கு நடப்பது’தான். கடல் ஏறி இறங்குவதற்கு இந்தச் சொல் வந்தது 14ஆம் நூற்றாண்டில். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம் என்று கணக்காக வருவதால், கடலின் வேளையே அதன் பெயராகிவிட்டது.

ஆகவே ஈஸ்டர்டைட்டுக்குப் புதுச் சொல் தேட வேண்டாம். உங்கள் கோயிலில் சொல்கிற ‘பாஸ்கா காலம்’ அப்படியே பொருந்தும். யூல்டைட் என்றால் கிறிஸ்து பிறப்புக் காலம்.

‘டைம் அண்ட் டைட்’ பழமொழி வந்தால் பலரும் ‘காலமும் அலையும்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த இரண்டு சொற்களும் 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே, கடல் பொருள் வருவதற்கு முன்பே, ஜோடியாக வந்திருக்கின்றன. நாம் ‘நேரங்காலம்’ என்கிறோமே, அதே மாதிரி. ‘நேரமும் காலமும் யாருக்காகவும் காத்திருக்காது’ என்று எழுதினால் போதும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேரத்தையும் கடலையும் ஒரே சொல்லில் முடிந்தது ஆங்கிலம் மட்டுமல்ல. சமஸ்கிருத ‘வேலா’வுக்குக் கரை, கடல் ஏற்றம், நேரம் மூன்றும் பொருள். அது தமிழில் கடலைக் குறிக்கும் ‘வேலை’யாகவும், மூன்று வேளைச் சாப்பாட்டின் ‘வேளை’யாகவும் நிற்கிறது. நாகர்கோவிலைத் தாண்டினால் மலையாளத்தில் கடல் ஏறுவதே ‘வேலியேற்றம்’தான்.

‘ஸ்பிரிங் டைட்’ வந்தால் கவனம். வசந்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஸ்பிரிங் என்றால் இங்கே துள்ளி எழுவது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றம் அது. இரண்டு நாளுக்கும் பொதுவாகத் தமிழில் ‘உவா’ என்ற பழஞ்சொல் உண்டு என்பதால் ‘உவா ஓதம்’ எனலாம். அதையே சேர்த்து ஒரே சொல்லாகக் கவிதையில் எழுதியிருந்தால் மட்டும் வசந்த காலம்.

‘டைட் ஓவர்’ என்பது கப்பல்காரர் பேச்சு. ஓதம் சாதகமாக இருக்கும்போது போவது, எதிர்த்தால் நங்கூரம் போட்டுக் காத்திருப்பது என்று 1627இல் வந்த கப்பலோட்டக் கையேடு ஒன்று விளக்குகிறது. இப்போது, கடலுக்குப் போக முடியாத நாட்களில் கைமாற்று வாங்கி வீட்டை ஓட்டுகிறோமே, அந்த ‘ஓட்டுவது’தான்.

அப்புறம், 2004 டிசம்பர் 26ஐப் பற்றிய பத்தியில் ‘டைடல் வேவ்’ என்று இருந்தால் ‘ஓத அலை’ என்று போட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்திலேயே அது தவறான வழக்கு. அன்றைக்கு வந்தது கடலடி நிலநடுக்கத்தால் எழுந்தது. நிலாவுக்கும் வேளைக்கும் அதில் பங்கில்லை. ‘சுனாமி’ என்றே எழுதுங்கள், உங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது.