பாட்டு வந்தாலே எழுந்து போகும் மகனுக்கு எந்தப் பழைய படம்?

சார், பிளஸ் டூ படிக்கும் மகன் பழைய படம் என்றாலே "பாட்டும் அழுகையும்தானே" என்று எழுந்து போகிறான், எதைப் போட்டு உட்கார வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

யோசிக்கவே வேண்டாம், 1954-இல் வந்த 'அந்த நாள்'. வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி விழுகிறார். நாயகனே காலி! 1943-இல் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட மறுநாள் நடக்கும் கதை. விசாரிக்க வருபவர் ஜாவர் சீதாராமன். ஆளாளுக்கு இன்னொருவரைக் கைகாட்ட, கொலை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விரியும். முடிவை மட்டும் வாய்தவறி உளறிவிடாதீர்கள்.

அது பிடித்துவிட்டால் அதே இயக்குநரின் 'பொம்மை' (1964). பொம்மைக்குள் வெடிகுண்டு, அது கைமாறிக் கைமாறி ஊர் சுற்றும். இதில் பாட்டு உண்டு. ஆனால் யேசுதாஸின் 'நீயும் பொம்மை நானும் பொம்மை'க்குக்கூட எழுந்து போனால், பையனிடம் தனியாகப் பேச வேண்டியதுதான்.

'வீடு' (1988) படத்தை இப்போதே போடாதீர்கள். பாட்டில்லாத படம்தான், எனக்கு உயிர். ஆனால் பாதி கட்டி நிற்கும் வீட்டின் சுவரைத் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் தடவிப் பார்க்கும் காட்சி, வாடகை வீட்டுக் கஷ்டம் தெரிந்தவர்களுக்குத்தான் முழுசாக உறைக்கும். கல்லூரி முடிக்கட்டும்.

அப்புறம், பழைய படப் பிரதிகள் சிலவற்றில் ஒலி தேய்ந்திருக்கும். முதல் ஐந்து நிமிடம் நீங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு அவனைக் கூப்பிடுங்கள்.